பிந்தி வந்த இதழ்

'அறிவின் தடம்' இதழின் பொன்விழா மலர் மூன்று வருடம் தாமதமாகிவிட்டது. யாஷ் நகரத்தில் அதற்காக யாரும் தூக்கத்தைத் தொலைத்ததாகத் தெரியவில்லை. அறிவியலின் வரலாற்றை எழுதுகிறவர்களுக்கு மூன்று வருடமெல்லாம் ஒரு கணக்கா? எப்போதோ செத்துப்போன இரண்டு பேரில் யார் முதலில் கண்ணாடி வில்லையைத் தேய்த்தார்கள் என்று அடித்துக்கொள்கிற கூட்டம் அது. 'முதலில்' என்ற ஒரே சொல்லால் பேச்சுவார்த்தை நின்றுபோன நண்பர்கள் அந்த இதழைச் சுற்றி நிறையப் பேர் இருந்தார்கள்.

இதழின் ஆசிரியர் ஸ்மராந்தா நெகுராவுக்கு அறுபத்து நான்கு வயது. இந்த மலரை வெளியே தள்ளிவிட்டு ஓய்வு பெறப்போகிறாள். மலரின் முதல் கட்டுரையாக இதழின் வரலாற்றையே போடுவது என்று குழு முடிவு செய்திருந்தது. எழுதும் வேலை துணை ஆசிரியன் திபேரியுவின் தலையில் விழுந்தது. நாற்பதைத் தொடாதவன், எதையும் சரிபார்க்காமல் நம்பாதவன். எழுபத்திரண்டில் வந்த முதல் தொகுதியிலிருந்து வரிசையாக எல்லாக் கட்டுரைகளையும் படித்துக்கொண்டு வந்தான். இதழை நடத்துகிறவர்கள் பழைய இதழ்களை மேற்கோள் காட்டுவார்களே தவிரப் படிக்கமாட்டார்கள் என்பதால், அப்படிப் படித்த முதல் மனிதன் அநேகமாக அவன்தான்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் அவன் பாலாடைக்கட்டி வைத்த பிளசிந்தா அப்பம் இரண்டு வாங்கிக்கொண்டு ஆசிரியர் அறைக்கு வந்தான். பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினான். அந்தக் கதவை யாரும் சாத்துவதில்லை. சாத்தினால் திறப்பது பெரும்பாடு. ஜெர்மனியில் வேலை கிடைத்துவிட்டது போலிருக்கிறது, சொல்லிக்கொண்டு போக வந்திருக்கிறான் என்று ஸ்மராந்தா நினைத்தாள்.

"மேடம், உங்க ஸோஸிமா சாமியாரைப் பத்தி ஒரு விஷயம்" என்றான்.

ஸோஸிமா ஸ்மராந்தாவின் சொத்து. இருநூற்றைம்பது வருடங்களுக்கு முன்னால் மலை மடாலயம் ஒன்றில் இருந்த துறவி. தினமும் காலையில் வெப்பமானியைப் பார்த்து எண்ணைக் குறித்துவைத்தவர். ஜூலையில் நூற்றுப் பன்னிரண்டு, ஜனவரியில் நூற்று எழுபது என்று எழுதியிருந்தார். பனி கொட்டும் ஜனவரியில் கோடையை விடச் சூடா? சாமியார் ஒயின் பீப்பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்று அறிஞர்கள் கேலி செய்து ஒதுக்கிவைத்துவிட்டார்கள். பட்டப்படிப்பின் கடைசி வருடத்தில் இருந்த ஸ்மராந்தாதான், அந்தக் காலத்தில் ரஷ்யாவிலிருந்து வந்த ஒருவகை வெப்பமானியில் எண் ஏற ஏறக் குளிர் கூடும் என்று எடுத்துக்காட்டி, சாமியார் குடிகாரர் இல்லை, ஒழுங்காகத்தான் எழுதினார் என்று நிறுவினாள். அந்த ஆய்வேட்டை அவள் ஒப்படைத்தது எண்பத்து நான்கு ஜூனில். பத்து வருடம் கழித்து அதுவே புத்தகமாக வந்தது. அவளுக்கு வேலை கிடைத்ததும், பெயர் கிடைத்ததும், கடைசியில் இந்த நாற்காலி கிடைத்ததும் அந்தத் தலைகீழ் வெப்பமானியால்தான்.

திபேரியு நகல் தாள் ஒன்றை அவள் முன்னால் நகர்த்தினான். தொகுதி பன்னிரண்டு, 1983. கட்டுரை பேராசிரியர் ஒக்தாவ் உர்சாகே எழுதியது. மோல்தாவியாவின் பழைய குளிர்காலங்களைப் பற்றியது. நாற்பத்தோராம் பக்கத்தில் ஸோஸிமா இருந்தார். அந்த வெப்பமானி இருந்தது. எண் ஏற ஏறக் குளிர் கூடும் என்ற விளக்கமும் இருந்தது.

உர்சாகே அவளுடைய பேராசிரியர். அவளுடைய ஆய்வேட்டுக்கு வழிகாட்டியவரும் அவர்தான்.

"எண்பத்து மூணுல அவர் எழுதிட்டார். நீங்க எண்பத்து நாலுல எழுதியிருக்கீங்க. அவர் பேருக்கு ஒரு அடிக்குறிப்புகூட இல்ல" என்று திபேரியு மேசையைப் பார்த்தபடி சொன்னான். "திங்கக்கிழமை குழு கூடுது. நீங்க சொன்னா இந்தப் பத்தியை நான் எழுதாம விட்டுடறேன் மேடம். வேற யாரும் இதையெல்லாம் எடுத்துப் படிக்கப்போறதில்ல."

அவன் அதை நல்ல மனதோடுதான் சொன்னான். ஸ்மராந்தா தாளை முழுதாகப் படிக்காமலே கவிழ்த்து வைத்தாள். போன வருடம்தான் வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் இரண்டு பக்கத்தை எடுத்த இடம் சொல்லாமல் எழுதிவிட்டார் என்று இதே மேசையில் உட்கார்ந்து அவர் பெயரைப் போட்டுக் கண்டன அறிவிப்பு எழுதினாள். அந்த மனிதர் தொலைபேசியில் அழுதார். அப்போது அவள் இளகவில்லை.

"எழுது. விடாதே" என்றாள். "அந்தத் தொகுதியை மட்டும் இன்னிக்கு எனக்குக் கொடு."

பிளசிந்தாவை இருவரும் தொடவில்லை. கதவைத் திறக்கத்தான் கொஞ்சநேரம் மல்லுக்கட்டினார்கள்.

தன் பேராசிரியரின் கட்டுரையை அதுவரை படிக்காமல் இருந்தது எப்படி என்று கேட்டால், ஸ்மராந்தாவிடம் பதில் இருந்தது. மற்றவர்களிடம் சொல்லும்படியான பதில் இல்லை. ஆய்வேட்டை ஒப்படைத்த அந்த இலையுதிர் காலத்தில், அவளுடைய அண்ணன் தினு வியன்னாவுக்குச் சுற்றுலா போனவன் திரும்பி வரவில்லை. அன்றைய கம்யூனிஸ்ட் ஆட்சியில் நாட்டை விட்டு ஓடியவனின் தங்கை என்று ஆனபிறகு அவளுக்கு யாஷில் இடமில்லாமல் போனது. வஸ்லுய் மாவட்டத்தில் சேற்றுக்கு நடுவில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லிக்கொடுக்கப் போட்டார்கள். ஆறு வருடம் அங்கே இருந்தாள். அந்த ஆறு வருடத்தில் உர்சாகேயிடமிருந்து ஒரு வரி வரவில்லை. ஆட்சி மாறி அவள் ஊர் திரும்புவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். கைவிட்டுவிட்டார் என்ற கோபம் அவளுக்கு ஆறவே இல்லை. புத்தகத்தின் முன்னுரையில் நூலகத்துக் காவலாளி வரை எல்லோருக்கும் நன்றி சொன்னவள் அவர் பெயரை மட்டும் எழுதவில்லை. அவர் எழுதிய எதையும் அதன்பிறகு திறந்ததும் இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்த் திறந்தாள். நாற்பத்தோராம் பக்கத்தை நின்றபடியே படித்தாள். அங்கே ஒரு வரி அவளைக் குத்திப் போட்டது. 'அண்மையில் இளம் ஆய்வாளர் ஒருவர் காட்டியுள்ளபடி, இவ்வெப்பமானியில் எண் ஏற ஏறக் குளிர் மிகும்' என்று உர்சாகே எழுதியிருந்தார். யார் அந்த இளம் ஆய்வாளர்? எண்பத்து மூன்றிலேயே ஒருவர் காட்டியிருக்கிறார் என்றால், அவளுக்கு முந்தைய வகுப்பில் படித்த யாரோ ஒருவராகத்தான் இருக்கவேண்டும். அதை உர்சாகே வகுப்பில் சொல்லியிருப்பார். அவள் காதில் வாங்கியிருப்பாள். பிறகு எங்கே கேட்டோம் என்பது மறந்துபோய்த் தானே கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருப்பாள்.

இப்படி நடப்பது உண்டு என்று அவளுக்குத் தெரியும். கேட்டதை மறந்து, தனக்கே தோன்றியது என்று சத்தியம் செய்த அறிஞர்களைப் பற்றி அவளே கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறாள். நூலகத்தின் ஜன்னலோரம், கையில் கையுறை, 'அட, இது தலைகீழாக இருக்கிறதே' என்று நெஞ்சு துள்ளிய அந்தக் காலை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் அந்தப் பொய்யர்கள் எல்லோருக்கும் அதுபோல ஒரு காலை நன்றாக நினைவிருந்தது. திருடவில்லை என்று அடித்துச் சொல்ல அவளுக்கே வாய் வரவில்லை.

சனிக்கிழமை காலை அலுவலகத்தில் யாரும் இல்லை. தொகுதியை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மனுஷியாக அதைப் படிக்க அவளால் முடியவில்லை. எனவே அச்சுப்படி திருத்துவதைப் போலப் படிக்க ஆரம்பித்தாள். அந்த இதழில் புரூஃப் பார்ப்பது கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்குத்தான். முன்னாலிருந்து படித்தால் கருத்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும், பிழை கண்ணில் படாது. எல்லாரும் கிண்டல் செய்கிற பழக்கம். ஸ்மராந்தா மட்டும் விட்டதே இல்லை. வரிக்கு அடியில் அளவுகோலை வைத்துக்கொண்டு கடைசிப் பக்கத்தைத் திறந்தாள்.

கடைசிப் பக்கம் சங்கச் செய்திகளுக்கானது. யார் எங்கே உரையாற்றினார், யாருக்கு அறுபது நிறைந்தது போன்ற சமாசாரம். செய்தியில் பெயர் வந்தவர்களைத் தவிர வேறு எவரும் அதைப் படித்திருக்க மாட்டார்கள். அளவுகோல் ஒரு பத்தியில் நின்றது.

'ஜனவரி மாதம் நம் சங்க உறுப்பினர்கள் ஹாலி வால்நட்சத்திரத்தைக் காண ஒரு மாலையில் கோபோவ் மேட்டுக்குச் சென்றனர். மேகம் மூடியிருந்தபடியால் வால்நட்சத்திரம் தென்படவில்லை. ஹரலாம்பியே அவர்களின் துணைவியார் கொண்டுவந்த வெங்காயப் பிளசிந்தா அனைவராலும் பாராட்டப்பட்டது.'

பிழை எதுவும் இல்லை என்று அளவுகோலை மேலே நகர்த்தினாள். அப்புறம் கை நின்றது. திரும்பக் கீழே கொண்டுவந்தாள்.

திபேரியுவைத் தொலைபேசியில் அழைத்தாள். அவன் மகளைச் சறுக்குமரத்தில் ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தான்.

"ஹாலி எந்த வருஷம் வந்துதுப்பா?"

"ஆயிரத்து ஐநூத்தி முப்பத்தொண்ணு, அறுநூத்தி ஏழு, அறுநூத்தி எண்பத்திரண்டு..."

"நம்ம காலத்துக்கு வா."

"எண்பத்தஞ்சு கடைசி, எண்பத்தாறு ஆரம்பம்."

"எண்பத்து மூணாம் வருஷத்து இதழ்ல, அதைப் பாக்கப் போனோம்னு எப்படிப் போடுவாங்க?"

சரிபார்க்காமல் நம்பாதவன் இல்லையா, எண்பத்திரண்டிலேயே பெரிய தொலைநோக்கி வைத்து அதைப் பார்த்துவிட்டார்களே என்று ஒரு முட்டுக்கட்டை போட்டுப் பார்த்தான். பெரிய தொலைநோக்கியில் மட்டும் தெரிகிற ஒன்றைப் பார்க்க யாராவது வெங்காயப் பிளசிந்தா கட்டிக்கொண்டு மேட்டுக்குப் போவார்களா என்று ஸ்மராந்தா கேட்டாள். கால் மணி நேரத்தில் அவன் மகளையும் இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். பக்கத்தைப் பார்த்தான். தலையில் கைவைத்தான். ஐம்பது தொகுதிகளையும் படித்தேன் என்று மார்தட்டியவன், ஒரு தொகுதியில்கூடக் கடைசிப் பக்கத்தைப் படித்திருக்கவில்லை.

ஒரு சாட்சி போதாது என்பது இவர்கள் தொழிலில் பாலபாடம். வெங்காயப் பிளசிந்தா செய்த அம்மையார் காலமாகிவிட்டார். ஆனால் ஹரலாம்பியே இருந்தார். எண்பதுகளில் இதழின் நிர்வாக ஆசிரியராக இருந்தவர். தொண்ணூறை நெருங்குகிறார், காது மந்தம், கோபம் மட்டும் குறையவில்லை. தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு, ஸ்மராந்தா கத்தி விஷயத்தைச் சொன்னாள்.

"எண்பத்து மூணாம் வருஷத்து இதழ் எண்பத்தாறுலதான் வந்துச்சு. எல்லாருக்கும் தெரியுமே" என்றார் அவர்.

எல்லாருக்கும் என்றால் யாருக்கு என்று அவள் கேட்டாள். அவர் சொன்ன நான்கு பெயரும் கல்லறையில் இருந்தன. அது தன் குற்றமா, தன்னிடம் யாராவது வந்து கேட்டார்களா என்று பொரிந்தார். பிறகு கொஞ்சம் ஆறி விவரம் சொன்னார். அப்போது அரசாங்கம் அச்சுக் காகிதத்தை வருடவாரியாக ஒதுக்கும். எண்பத்து மூன்றுக்கு ஒதுக்கிய காகிதம் கைக்கு வந்தது எண்பத்தாறில். அதில் எண்பத்தாறு என்று அச்சடித்தால், எண்பத்து மூன்றில் இதழ் வரவில்லை என்று கணக்கு எழுதி இதழையே இழுத்து மூடிவிடுவார்கள். எந்த வருடத்துக் காகிதமோ அந்த வருடத்தை அட்டையில் போட்டுவிடுவது வழக்கம். உண்மையில் அச்சான மாதம் பின்னட்டையில் பொடி எழுத்தில் இருக்கும்.

"பின்னட்டையே இல்லையே சார்" என்றான் திபேரியு. நூலகத்துக்காக பைண்டிங் செய்தவர், அட்டைகளைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் தொகுதியைத் தைத்திருந்தார். கணினியில் ஏற்றியதும் அந்தத் தைத்த தொகுதியைப் பார்த்துத்தான்.

"அப்ப வரலாறு எழுதறவங்க நீங்க அட்டையத் தூக்கிப் போட்டுட்டு, உள்ள இருக்கறத மட்டும் நம்பினீங்களா?" என்று கிழவர் சிரித்தார்.

ஸ்மராந்தா விரல்விட்டு எண்ணினாள். எண்பத்தாறு என்றால் அவளுக்கு இரண்டு வருடம் பின்னால். திருடவில்லை. ஜன்னலோரக் காலை உண்மை, கையுறை உண்மை, நெஞ்சு துள்ளியது உண்மை. உடனே அடுத்த எண்ணம் வந்தது. அப்படியென்றால் எடுத்தவர் உர்சாகே. மாணவியின் கண்டுபிடிப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு, அவள் பெயரைக்கூடச் சொல்லாமல்...

இதற்குள் திபேரியு நாற்பத்தோராம் பக்கத்தைத் திருப்பியிருந்தான். அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். 'அண்மையில் இளம் ஆய்வாளர் ஒருவர் காட்டியுள்ளபடி.'

"சார்" என்று கத்தினாள் ஸ்மராந்தா. "உர்சாகே கட்டுரையில இளம் ஆய்வாளர்னு ஒருத்தர் வர்றாரே. அது யாரு?"

"என்ன பொண்ணே, விளையாடறியா? நீதான்."

அவரே தொடர்ந்தார். "உன் பேரை எழுதித்தான் கொடுத்தாரு. தணிக்கைக்காரங்க அடிச்சுட்டுத் திருப்பி அனுப்பிட்டாங்க. உங்கண்ணன் ஓடிப்போனதுல உன் பேரை எங்கயும் அச்சுல போடக்கூடாதுல்ல? திரும்ப எழுதினாரு, திரும்ப அடிச்சாங்க. கடைசில பேரை விட்டுட்டு இளம் ஆய்வாளர்னு போட்டாரு. அதையும் எடுங்கன்னாங்க. அதை எடுத்தா கட்டுரையே கிடையாதுன்னுட்டாரு. எனக்குக் காகிதம் வந்து கிடக்கு, இந்த மனுஷன் ஒரு வார்த்தைக்காக மாசக்கணக்கா இழுத்தடிக்கறாரேன்னு நான் திட்டாத திட்டில்ல. உன்கிட்டச் சொல்லலையா அவரு?"

"ஒரு வரிகூட எழுதலையே சார். ஆறு வருஷம்."

"உனக்கு வர்ற கடுதாசியெல்லாம் பிரிச்சுப் படிச்சுட்டுத்தானே கொடுத்தாங்க? எழுதியிருந்தா அந்தப் பள்ளிக்கூட வேலையும் உனக்குப் போயிருக்கும். அச்சுல போட்டா நீ எப்படியும் படிச்சிடுவேன்னு இருந்தாரு."

அவள் படிக்கவில்லை. கைக்கெட்டும் தூரத்து அலமாரியில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்த அந்தத் தொகுதியைக் கோபத்தில் தொடாமலே இருந்துவிட்டாள். ஸ்மராந்தா அழுதாள். திபேரியுவின் மகள் இருந்ததால் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள். ஒரு நல்ல மனிதரை இத்தனை காலம் மனதுக்குள் வைதுகொண்டிருந்தேனே என்ற வெட்கம் இருந்தது. அதைவிடப் பெரிதாக நிம்மதி இருந்தது. அவர் கைவிடவில்லை. தோளிலிருந்து மூட்டையை இறக்கியது போல அவள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்றாள். நேற்றைய பிளசிந்தாவை மூன்று பேரும் ஆறிப்போனதாகவே தின்றார்கள்.

திங்கட்கிழமை குழுவில் திபேரியு எல்லாவற்றையும் சொன்னான். க்ளூஜ் நகரத்திலிருந்து ஒரு நண்பர், அட்டை கிழியாத தன் பிரதியைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். பின்னட்டையில் மே 1986 என்று பொடி எழுத்தில் இருந்தது. குழு மகிழ்ந்தது கொஞ்சநேரம்தான். ஒரு தொகுதி இப்படி என்றால் மற்றவை எப்படி என்று ஒரு பெரியவர் கேட்டார். அவ்வளவுதான், அவரவர் 'முதலில்' எல்லாம் ஆட்டம் கண்டுவிட்டது. எண்பத்தொன்றில் நான்தான் முதலில் எழுதினேன் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தவர் அதை இறக்கிவிட்டுக்கொண்டார். அவருக்கு எதிரில் உட்கார்ந்திருந்தவர் சிரித்துக்கொண்டே தண்ணீர் குடித்தார். திபேரியு தன் வரலாற்றைத் திரும்ப முதலிலிருந்து எழுதவேண்டும், கடைசிப் பக்கங்களையும் சேர்த்துப் படித்து. பொன்விழா மலர் இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போனது.

அதுவரை காத்திருக்க முடியாத விஷயம் ஒன்று இருந்தது. அச்சில் வந்த பிழைக்கு அதே இதழில் திருத்தம் போடுவது பத்திரிகை தர்மம். எத்தனை வருடத்துக்குள் என்று எந்த விதியும் சொல்லவில்லை. தன் பெயரைத் தானே திருத்துவது முறையல்ல என்று ஸ்மராந்தா விலகிக்கொண்டாள். திபேரியு எழுதி, அடுத்த இதழின் புரூஃபில் சேர்த்துக் கொண்டுவந்து வைத்தான்.

'தொகுதி 12, பக்கம் 41: "இளம் ஆய்வாளர் ஒருவர்" என்பதை "ஸ்மராந்தா நெகுரா" எனத் திருத்தி வாசிக்கவும்.'

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டாள். அந்த ஒரு வரிக்கு அடியில் அளவுகோலை வைத்து, கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்து வரை பார்த்தாள். பிழை இல்லை. ஆனாலும் பென்சிலை எடுத்தாள்.

"ஒருவர்ங்கறதை எடுத்துட்டு அங்க என் பேரைப் போட்டா போதும்ப்பா. 'இளம் ஆய்வாளர்'ங்கறதை அப்படியே விட்டுடு" என்றாள். "அதுக்காகத்தானே அந்த மனுஷன் மாசக்கணக்கா சண்டை போட்டாரு."

திபேரியு திருத்தத்தைத் திருத்தி எழுதினான். அவள் கையெழுத்துப் போட்டு அச்சகத்துக்கு அனுப்பச் சொன்னாள்.